பனிக்குள் கேட்ட இரண்டாவது குரல்

மைக்கின் முன்னால் வந்து நின்றவர் தடித்த மீசைக்காரர். கழுத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார். தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு ஒரு பெண் குரலில் பாட்டின் முதல் அடியைப் பாடினார். பந்தலில் விசில் பறந்தது. பிறகு முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, வேறொரு குரலில் அடுத்த அடியைப் பாடினார். சின்னக் குரல், மூக்கால் பாடுகிற, நடுங்குகிற குரல்.

அது என் குரல்.

கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். இரண்டாம் பந்தி முடிந்து மணி இரண்டு ஆகியிருக்கும். ஓலைப் பந்தலின் ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக எல்லார் மேலும் விழுந்து கிடந்தது. பனைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காய்ந்த மட்டைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. அந்தக் கொதிக்கிற வெயிலில் என் கைமயிர் குத்திட்டு நின்றது.

மடியில் எட்டு மாதத்து மகள். அவள் மேடையைப் பார்க்கவில்லை. திரும்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, பேயடிச்சாப்பல உக்காந்திருக்கற?" என்றார் பக்கத்திலிருந்த நாத்தனார். "அந்தாளு அவ்வளவு நல்லாவா பாடறான்?"

"நல்லாருக்குதுங்க நங்கையா" என்றேன். நாத்தனாரை அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ரெக்கார்டு மாதிரி

நான் கேட்ட கச்சேரிகளைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "இத்தனை கச்சேரி கேட்ட நீங்கள் ஒருநாளும் வாய் திறந்து பாடியதில்லையா?" என்று கடிதம் போட்டிருக்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால்தான் பல வருஷத்துக்கு முந்தைய இந்தக் கல்யாணத்திலிருந்து தொடங்கினேன்.

மெல்லிசைக் கச்சேரி என்று நாம் சொல்வதைக் கேரளத்தில் கானமேளா என்பார்கள். கொழிஞ்சாம்பாறையில் இரண்டும் சொல்வார்கள். கல்யாணம், நோம்பி என்கிற கோவில் திருவிழா, எதுவானாலும் நான் போய்விடுவேன். பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியில் அறுப்பு முடிந்து வைக்கும் கச்சேரிக்கு வரப்பு வழியாகவே நடந்து போவேன். பெண்கள் பக்கத்தில் கடைசியாக, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

ஜனங்களுக்கு எல்லாம் ரெக்கார்டு மாதிரியே இருக்க வேண்டும். பாடுகிறவர் வேறு இடத்தில் மூச்சு வாங்கினால் போதும், பின்னாலிருந்து சத்தம் போடுவார்கள். நான் அதற்கு நேர் எதிர். ரெக்கார்டை விட்டு அவர்கள் விலகுகிற இடத்துக்காகத்தான் காத்திருப்பேன். நல்லேப்பிள்ளியில் ஒருதரம் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண், மேலே போக வேண்டிய இடத்தில் போக முடியாமல் கீழேயே பாடினாள். அது கொண்டாட்டப் பாட்டு. அவள் பாடியபோது காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டின் ரெக்கார்டு எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

இந்தக் காது எனக்கு என் அக்காவால் வந்தது. அவள் எந்தப் பாட்டையும் ரெக்கார்டு மாதிரி பாடியவள் இல்லை. கேட்டதே அரைகுறைதான். அடுத்த மலையில் போடுகிற ஸ்பீக்கரிலிருந்து காற்று எதைக் கொண்டுவந்து கொடுக்கிறதோ அதுதான் அவளுக்குப் பாட்டு. காற்று தின்றுவிட்ட அடிகளை அவளே முனகி நிரப்பிக்கொள்வாள்.

குரல் குடுங்க

சின்னக்கானல் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். அப்பா முன்னமே போய்விட்டார். அம்மா, அக்கா பேச்சி, நான் மூன்று பேரும் கொழுந்து எடுத்தோம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுவேன். படிப்பு நின்றதில் எனக்கு அதனாலேயே கொஞ்சம் சந்தோஷம்.

அங்கே பனி இறங்கினால் முன்னால் நிற்கிற செடி தெரியாது. நாங்கள் வேலை செய்த தேயிலைக் காட்டின் கீழ்ப்பக்கம் பெரிய பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ரோடு. போதாததற்கு ஆனையும் வரும். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. பனி மூடியதும் கங்காணி, "குரல் குடுங்க" என்று கத்துவார். உடனே இரண்டு இரண்டு பேராகப் பாடத் தொடங்க வேண்டும். ஒருத்தி ஒரு அடி பாடினால் அவளுடைய ஜோடி அடுத்த அடியைப் பாட வேண்டும். பதில் வரவில்லையென்றால் பாடியவள் வேலையை விட்டுவிட்டு ஜோடியைத் தேடிப் போக வேண்டும்.

மலை முழுக்கப் பாட்டுக் கேட்கும். ஒரு ஆள் கண்ணுக்குத் தெரியாது. பழகாதவர்கள் அதைக் கேட்டால் அங்கே நிற்க மாட்டார்கள்.

அக்காவுக்கு ஜோடி நான். எனக்கோ குரல் வராது. கங்காணி திட்டுவாரே என்று என் அடியையும் அவளே பாடுவாள். தன் அடியை முழுத்தொண்டையில் பாடிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூக்கால், நடுக்கமாக அடுத்த அடி. அதுதான் என் குரலாம். மேல் வரிசைப் பெண்கள், "முத்து இன்னைக்கு நல்லாப் பாடுதாளே" என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் அம்மாவும்தான்.

"ஏட்டி, ஒருநாளாவது நீயே பாடேன்" என்பாள் அக்கா.

"போக்கா. எனக்கு வராது."

"வரும். அன்னைக்கு நான் வேலையப் போட்டுட்டு ஓடி வந்து உன் வாயப் பாக்கணும்."

அவள் எப்போதும் பாடியது ஒரு கேள்வி பதில் பாட்டு. ஒருத்தி எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள், இன்னொருத்தி இங்கேதான் என்பாள். எந்தப் படம், எந்தப் பாட்டு என்று எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் முனகிப் பார்ப்பீர்கள்.

அதில் கடைசி வார்த்தைக்கு முன்னால் அக்கா நிறுத்துவாள். ரெக்கார்டில் அந்த நிறுத்தம் கிடையாது. இரண்டு கையிலும் கொழுந்து நிறைந்திருக்கும். அதைத் தோளுக்கு மேலே தூக்கி முதுகுக் கூடையில் போட்டுவிட்டுத்தான் மிச்ச வார்த்தையைப் பாடுவாள். கையும் மூச்சும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும்.

சுண்ணாம்புக் கோடு

எஸ்டேட் கோவில் திருவிழா. வெளியூர் மெல்லிசைக் குழு வருவதாக இருந்தது. பொழுது சாய்ந்தால் ஆனை பயம் என்பதால் அங்கே கச்சேரியைப் பகல் இரண்டு மணிக்கே வைத்துவிடுவார்கள். காலையில் அரை நாள் வேலை. பத்து மணிக்குப் பனி இறங்கியது. "குரல் குடுங்க" என்றார் கங்காணி. அக்கா வழக்கம்போல் இரண்டு குரலிலும் பாட ஆரம்பித்தாள்.

எனக்கு மனசெல்லாம் மைதானத்தில். மைக்செட்காரர்கள் முன்னமே ஜீப்பில் வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் அதுவரை மைக்கைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அக்காவின் குரல் அந்தப் பக்கம் நகர்ந்த நேரம் பார்த்து, கூடையைச் செடிக்கடியில் வைத்துவிட்டு நழுவினேன். மைதானத்துக்குப் படிக்கட்டுப் பாதை உண்டு. கண்ணை மூடிக்கொண்டும் ஏறலாம்.

விளையாட்டுப் போட்டிக்காக அன்று காலைதான் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. அதை மிதித்துக்கொண்டுதான் போனேன். பலகை மேடையில் யாரும் இல்லை. மைக் தனியாக நின்றுகொண்டிருந்தது. தொட்டேன். பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. அதற்கு நேராக வாயை வைத்துத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தபடியே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

பனி விலகியபோது கீழே கூக்குரல் கேட்டது.

அக்கா பள்ளத்தின் அடியில், ஓடைக்கல் மேல் கிடந்தாள். கூடை பாதி வழியில் புதரில் மாட்டியிருந்தது. கொழுந்து சரிவு முழுக்கச் சிந்தியிருந்தது. நான் ஓடிப்போய்க் கூட்டத்தில் கலந்து நின்றேன். தூக்கி வந்து கிடத்தினார்கள். அம்மா அக்காவிடம் போகவில்லை. என் காலைக் கட்டிக்கொண்டு, முந்தானையைப் போட்டு அழுத்தி அழுத்தி அழுதாள். ஏன் என் காலைப் பிடிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"பள்ளத்துப் பக்கந்தான முத்து குரல் கேட்டுச்சு" என்றாள் மேல் வரிசைக்காரி ஒருத்தி. "இவ பதில் பாடினா. பேச்சி அதக் கேட்டுக்கிட்டுப் போயிருக்கா."

"நானுங் கேட்டேன்" என்றார் கங்காணி. "நீ அங்கயா நின்ன முத்து?"

நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

மைக்கைப் பார்க்கப் போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் தலையை ஆட்டிய அதே நிமிஷத்தில் இன்னொன்று உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது. நான் அங்கே இல்லை. அப்படியானால் என் குரலில் பதில் சொன்னது எது?

நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். சின்னக் குரல், மூக்கால், நடுக்கமாக. பள்ளத்தில் ஏதோ இருக்கிறது, அது நமக்குத் தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடும் என்று அங்கே முன்னமே ஒரு பேச்சு உண்டு. யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் நான் இல்லாதது தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு நான் முனகியது கூட இல்லை. நான் ஒரு அடியை எடுத்துக் கொடுத்தால் அது அடுத்த அடியைப் பாடிவிடும் என்று பயம். எஸ்டேட்டுக்குக் காய்கறி ஏற்றி வந்த லாரிக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார். மலையை விட்டு இறங்கிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். பயமும் கூடவே இறங்கி வந்தது. மகள் பிறந்ததும் வாயை மூடிக்கொண்டுதான் தொட்டிலை ஆட்டினேன்.

"ஒரு தாலாட்டுக் கூட இல்லாம வளருது எம்புள்ள" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். "ஏனுங்க, நீங்களே பாடுங்களேன்" என்பேன். அவர் பாடுவது லாரி மேடேறுகிற மாதிரி இருக்கும். பிள்ளை அதற்கே தூங்கிவிடும்.

மூன்றாம் பந்தி

கச்சேரி முடிந்து பாட்டுக்காரர்கள் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் மகளை நங்கையாவிடம் கொடுத்துவிட்டு ரச வாளியை எடுத்துக்கொண்டேன். பரிமாறுகிறவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். மீசைக்காரர் இலைக்கு வந்தபோது நின்றேன். ஊர் பேர் தெரியாத ஆண்பிள்ளையிடம் நானாகப் பேசியது அதுதான் முதல்தடவை.

"அந்த ரெண்டு குரல் பாட்டு யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "ரெக்கார்டு மாதிரி இல்லீனு சண்டைக்குத்தானுங்க வருவாங்க. நீங்க ஒருத்தருதான் இப்படிக் கேக்கறீங்க அம்மிணி. மலையில கத்துக்கிட்டனுங்க. ஏழெட்டு வருசமிருக்கும். சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு நோம்பிக்குப் பாடப் போனோம். வழியில பனி. டிரைவரு வண்டியை நிறுத்திப்போட்டாரு. அப்ப எதுத்த மலையில பாட்டுச் சத்தமுங்க. ஒரு பெரிய கொரலு கேக்கும், ஒரு சின்னக் கொரலு பதில் சொல்லும். ஆளே தெரியல. பாட்டுத்தான் வருது. ஒவ்வொரு தரமும் ஒரே எடத்துல நிறுத்தி அப்பறம் பாடுது. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலீங்க. ஆனா நானும் அங்க நிறுத்தித்தான் பாடுவேன். இல்லீனா என்னமோ கொறையுது."

கை கூடைக்குப் போகிற நேரம் அது.

"அப்பறமுங்க?"

"கொஞ்ச நேரத்துல சின்னக் கொரலு நின்னுபோச்சு. பெரிய கொரலு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருக்குது. பதிலே இல்ல. கேக்கவே பாவமா இருந்துச்சு. நான் அப்பத்தான் பொம்பளக் கொரலு பழகிட்டிருந்தனுங்க. சும்மா ஒரு வெளையாட்டுக்கு அந்தச் சின்னக் கொரல்ல நாம் பதில் பாடுனேன்."

ரச வாளியைக் கீழே வைத்தேன்.

"பாடுனதுக்கு?"

"மொதல்ல ஒரு சத்தமுமில்ல. அப்பறம் சிரிப்புங்க. அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே பாடிட்டு எங்க பக்கமா வந்துச்சு. நாம் பாட, அது பாட, கிட்டக்கிட்ட வந்துச்சு. அப்பறம் சட்டுனு நின்னுபோச்சு. வண்டியில ஆம்பளைகளப் பாத்து வெக்கப்பட்டு ஓடிருச்சுன்னு எங்களுக்குள்ள ஒரே கேலி."

"நடுவுல பள்ளமுங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. பக்கத்து இலையில் யாரோ அப்பளம் நொறுக்கினார்கள்.

"மேல போனா, ஆரோ தவறிட்டாங்க, பாட்டு வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா எனக்கு அது நல்ல நாளுங்க. மொதோ மொதல்ல என்னை ஒருத்தரு பொம்பளன்னு நம்புனாங்க. அதுக்கப்பறந்தான் மேடையில இத எடுத்துப் பாடற தகிரியம் வந்துச்சு. அந்தப் புள்ள இப்ப எங்க இருக்குதோ. உங்களுக்கு அந்தப் பக்கமுங்களா? தெரியுமுங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். விரலெல்லாம் சோறு. வாயோரத்தில் சிரிப்பு. அந்த ஆளிடம் ஒரு குற்றமும் இல்லை. சொன்னால் அந்தப் பாட்டை அதோடு விட்டுவிடுவார் என்று தோன்றியது. அக்கா பாடியதற்கு ரெக்கார்டு ஏது. அவர் தொண்டையில் மட்டும்தான் அது இருந்தது.

"தெரியாதுங்க" என்றேன். "இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா?"

அவர் இன்று இல்லை. இருந்தவரை அவருக்குத் தெரியாது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அம்மாவின் அடுப்பு

பள்ளத்தில் இருந்தது பேய் இல்லை என்று தெரிந்துவிட்டது. பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அக்கா ஏன் சிரித்தாள்? ஜோடியைக் காணோம் என்று தேடுகிறவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

அடுத்த வாரமே மகளைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சி போய் மலைக்குப் பஸ் ஏறினேன். அம்மா அப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டாள். எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்தாள். மறுநாள் காலையில் அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு நான் காட்டுல இல்ல. மைதானத்துல இருந்தேன்."

"தெரியும்" என்றாள். ஊதுவதை நிறுத்தவில்லை.

"எப்படித் தெரியும்?"

"உன் காலெல்லாம் சுண்ணாம்பு. காட்டுல ஏதுட்டி சுண்ணாம்பு? வேற ஆளு பாத்துரக் கூடாதுன்னு முந்தானையால தொடச்சு விட்டேன்."

"அப்ப அந்தச் சின்னக் குரல்?" என்றேன்.

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அது உன் குரல் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அவதான் எப்பவும்போல உனக்காகப் பாடுதான்னு நெனச்சேன். பனியில கிட்டயா தூரமான்னு தெரியல. ஒரு சத்தம் குடுத்துக் கேட்டிருக்கலாம். கொழுந்து எடுத்துக்கிட்டே இருந்துட்டேன்."

இத்தனை வருஷமும் அவளிடமும் ஒன்று இருந்திருக்கிறது. மீசைக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னேன். வண்டி நின்றது, அவர் விளையாட்டுக்குப் பாடியது, அக்கா சிரித்துக்கொண்டே வந்தது. அம்மா நெருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒரு சுள்ளியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"நீ பாடுதன்னு நெனச்சிருக்கா" என்றாள். "அதாண்டி சிரிச்சிருக்கா."

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே இருந்த காடு கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போனது. மேலேயிருந்து கங்காணியின் சத்தம் கேட்டது. "குரல் குடுங்க." ஒவ்வொரு மூலையிலிருந்தும் பாட்டு எழுந்தது. எழுந்த சத்தத்தில் மகள் சிணுங்கத் தொடங்கினாள்.

"புள்ள அழுதுல்லா" என்றாள் அம்மா. "பாடுட்டி."

வாசலில் நின்று வாயைத் திறந்தேன். அந்தப் பாட்டின் முதல் அடிதான் வந்தது. அக்கா எனக்கென்று போட்டுக் காட்டிய சின்னக் குரல் இல்லை அது. கனமான, தொண்டை நிறைந்த குரல். அம்மா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அது அக்காவின் குரல்.

கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்தினேன். அம்மாவின் இரண்டு கையும் தன்னால் தோளுக்கு மேலே போய், இல்லாத கூடையில் எதையோ போட்டுவிட்டு இறங்கின. மிச்ச வார்த்தையைப் பாடினேன்.

பனிக்குள்ளிருந்து யாரோ அடுத்த அடியைப் பாடினார்கள்.

காட்டில் கொழுந்து எடுக்கிற ஏதோ ஒரு பெண்ணாக இருக்கும். கேட்டால் பதில் பாடுவது அங்கே வழக்கம்தானே. அம்மா மட்டும் அடுப்பை விட்டு எழுந்து வந்து, வாசலைத் தாண்டவிடாமல் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.